இறங்காதீங்க அண்ணே!

அறுவடை முடிந்த வாரங்களில் தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கம் போய்வருகிறவர்களுக்கு வைக்கோல் லாரி பழகிய காட்சி. பின்னால் பைக்கில் போகிறவர் கண்ணுக்கு லாரியே தெரியாது. ஒரு வைக்கோல் போர் தானாக நகர்ந்து போவதுபோல இருக்கும். அதன் உச்சியில் ஒருவர் உட்கார்ந்திருப்பார், கையில் கவட்டைக் கம்பு. ஊருக்குள் நுழைந்ததும் குறுக்கே போகும் டி.வி. கேபிளைக் கம்பால் தூக்கிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டே "போலாம், போலாம்" என்று குரல் கொடுப்பார்.

பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் அப்படி ஒரு போரின் மேல் ஏறி நானும் ஊர் வந்திருக்கிறேன். கம்பு வைத்திருந்த பெரியவருக்கு எது கேபிள், எது கரண்டு கம்பி என்று தெரியும் என முழுசாக நம்பினேன். அவரும் அப்படித்தான் நம்பியிருக்க வேண்டும்.

மின்கம்பியில் வண்டி உரசினால் முதலில் வருவது சத்தம். பிறகு நீல வெளிச்சம், பொறி, கருகல் வாடை. டிரைவர் என்ன செய்வார்? நீங்களும் நானும் செய்யக்கூடியதைத்தான் செய்வார். பிரேக்கை மிதித்து, கதவைத் திறந்து, ஒரு கையால் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி ஒரு காலைத் தரையில் வைப்பார்.

உயிர் போவது அங்கேதான். வண்டிக்குள் உட்கார்ந்திருந்தவரை அதுவரை மின்சாரம் ஒன்றும் செய்யவில்லை. கை வண்டியிலும் கால் தரையிலுமாக இருந்த அந்த அரை வினாடியில் அவர் உடம்பே கம்பியாகிவிடுகிறது.

இது எப்போதோ எங்கோ நடப்பது என்று ஒதுக்க முடியாது. 2021 ஜனவரி 12, பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு, தஞ்சாவூர் மாவட்டம் வரகூரில் ஒரு தனியார் பேருந்து தாழ்வாகப் போன மின்கம்பியில் பட்டு 4 பேர் இறந்தார்கள். அதே மாவட்டத்தில் 2022 ஏப்ரல் 27 அதிகாலை, களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் திரும்பும்போது அதன் உச்சி உயர் அழுத்தக் கம்பியில் பட்டது. 11 பேர் போனார்கள், சிறுவர்கள் உட்பட. 2025 மார்ச் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் இனயம் புத்தன்துறையில் தேவாலயத் திருவிழா வேலைக்காகக் கொண்டுபோன உயரமான இரும்பு ஏணி கம்பியைத் தொட்டதில் 4 பேர்.

பேருந்து, தேர், ஏணி. மின்சாரத்துக்கு இவற்றில் வித்தியாசம் கிடையாது. மேலே கம்பி, கீழே மண், நடுவே உயரமாக ஒரு பொருள், அதை ஒட்டி மனிதர்கள். ஒவ்வொரு முறையும் நிவாரணத் தொகை அறிவிப்பு வரும். கம்பி தாழ்ந்தது யார் குற்றம் என்று ஒரு வாரம் விவாதம் நடக்கும். அந்தப் பேச்செல்லாம் தேவைதான். ஆனால் கம்பி பட்டுவிட்ட அந்த நிமிடத்தில் உள்ளே இருப்பவர் என்ன செய்யலாம், வெளியே நிற்பவர் என்ன செய்யக் கூடாது என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை.

டயரும் காகமும்

"டயர் ரப்பர்தானே, கரண்டு எப்படிப் பாயும்?" எந்த லாரி ஷெட்டில் போய் நின்றாலும் இந்தக் கேள்வி வந்துவிடும். பாயும். லாரி டயர் வெறும் ரப்பர் கிடையாது. அதற்குக் கறுப்பு நிறம் தருவதே ரப்பரில் கலக்கும் கரித்தூள். உள்ளே எஃகுக் கம்பி வலை ஓடுகிறது. மேலே சேறும் மழைத் தண்ணீரும். வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டை வேண்டுமானால் ரப்பர் செருப்பு ஓரளவு தாங்கும் என்று சொல்லிக்கொள்ளலாம். வயல் நடுவே மூன்று கம்பியாகப் போகும் லைனில் இருப்பது 11,000 வோல்ட், தமிழ்நாட்டின் பல இடங்களில் 22,000. அதன் முன்னால் டயர் ஒரு தடையே அல்ல. மின்சாரம் டயர் வழியே மண்ணுக்கு இறங்கும்போது டயர் உள்ளுக்குள் வெந்து புகையும், பற்றிக்கொள்ளும், சில சமயம் வெடிக்கும். கம்பியை எடுத்த பிறகும், பல மணி நேரம் கழித்துக்கூட வெடித்த கதைகள் உண்டு. அதனால்தான் அப்படிப்பட்ட வண்டியின் டயர் அருகே மறுநாள்வரை போகாதீர்கள் என்கிறார்கள்.

பிறகு எப்படி உள்ளே இருப்பவர் பிழைக்கிறார்? கம்பியில் உட்கார்ந்திருக்கும் காகத்தைப் பாருங்கள். அதன் இரண்டு காலும் ஒரே கம்பியில், ஒரே மின்னழுத்தத்தில் இருக்கின்றன. மின்சாரம் ஓடுவதற்கு ஏற்றஇறக்கம் வேண்டும், தண்ணீர்போல. காகத்தின் உடம்பில் அந்த வித்தியாசம் இல்லை, அதனால் ஓட்டமும் இல்லை. அதே காகம் இறக்கையை விரித்துப் பக்கத்துக் கம்பியையோ கம்பத்தின் இரும்பையோ தொட்டால் கீழே விழுவதைப் பார்த்திருக்கிறோம். லாரி கேபினுக்குள் இருக்கும் டிரைவர் காகம். சீட், ஸ்டீயரிங், தரை, கூரை எல்லாமே ஒரே அழுத்தத்தில்தான் இருக்கின்றன, அவரும் அதில்தான் இருக்கிறார். தரையைத் தொடாதவரை அவருக்கு ஒன்றும் இல்லை.

மூடிய உடல் உள்ள வண்டிக்குத்தான் இந்தக் கணக்கு. வைக்கோல் போரின் மேல் இருப்பவருக்கும், பேருந்துக் கூரையில் ஏறியவருக்கும், பைக்கில் போகிறவருக்கும் இந்தப் பாதுகாப்பு கிடையாது.

மாடு ஏன் முதலில் விழுகிறது?

மழைக்காலத்தில் கம்பி அறுந்து விழுந்த வயலில் முதலில் செத்துக் கிடப்பது மாடுகள்தான். சில நேரம் மாடு அந்தக் கம்பியைத் தொட்டே இருக்காது. நாலைந்து அடி தள்ளி நின்றிருக்கும். கிராமத்தில் இதை விதி என்று விட்டுவிடுவார்கள். இதற்கு ஒரு காரணம் உண்டு, அதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் புரிந்துவிடும்.

குளத்தில் கல்லைப் போட்டால் விழுந்த இடத்தில் அலை உயரமாகவும் தள்ளிப்போகப் போகத் தாழ்ந்தும் வட்டமாகப் பரவுகிறது அல்லவா? மின்கம்பி மண்ணைத் தொடும் இடத்திலும் அப்படித்தான். தொட்ட இடத்தில் அழுத்தம் அதிகம், ஒவ்வொரு அடிக்கும் குறைந்துகொண்டே போகும். முன்னங்கால் இருக்கும் இடத்தில் 3,000 வோல்ட், பின்னங்கால் இருக்கும் இடத்தில் 1,500 என்று வைத்துக்கொள்வோம். நடுவில் உள்ள 1,500 வோல்ட் மாட்டின் உடம்பு வழியாக, இதயத்தைக் கடந்து ஓடும். மாட்டுக்கு முன்காலுக்கும் பின்காலுக்கும் இடைவெளி அதிகம். அதனால் அது முதலில் விழுகிறது.

மனிதன் ஓடும்போதும் அதுதான் நடக்கிறது. பதற்றத்தில் எட்டி வைக்கிற ஒவ்வொரு எட்டும் மாடு நிற்பதுபோலத்தான். ஒரு காலுக்கும் மறு காலுக்கும் நடுவே எவ்வளவு தூரமோ அவ்வளவு அழுத்த வித்தியாசம். வண்டியிலிருந்து பத்திரமாகக் குதித்துவிட்டவர்கூட அடுத்த இரண்டு எட்டில் சுருண்டு விழலாம். ஈர மண்ணில் பரவும் தூரம் இன்னும் அதிகம்.

ஆகவே, வண்டியில் கம்பி பட்டால் இறங்காதீர்கள். உட்கார்ந்தே இருங்கள். கதவு, ஜன்னல் கம்பி என்று கையில் பட்டதைப் பிடித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்காதீர்கள். போனை எடுங்கள். பக்கத்தில் வருகிறவர்களைப் பார்த்து, கிட்டே வராதே என்று கத்துங்கள். வண்டி ஓடும் நிலையில் இருக்கிறது, கம்பி எதிலும் சிக்கவில்லை, வெறுமனே உரசிக்கொண்டு இருக்கிறது என்றால் மெல்ல நகர்த்தி விலகலாம். டிப்பர் என்றால் பக்கெட்டை உள்ளிருந்தே இறக்கலாம். கம்பி சுற்றிக்கொண்டிருந்தால் நகர்த்தவே கூடாது. இழுபட்டு அறுந்தால் அது அடுத்து யார் மேல் விழும் என்று சொல்ல முடியாது.

பேருந்தில் இதெல்லாம் சொல்லுகிற அளவு எளிதில்லை. நாற்பது பேர் ஒரே நேரத்தில் எழுந்து வாசலுக்கு ஓடுவார்கள். நம் டவுன் பஸ்ஸின் வாசலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்: படியில் ஒரு கால், கைப்பிடியில் ஒரு கை, தரைக்கு ஒரு கால் என்று இறங்கித்தான் நமக்குப் பழக்கம். அந்த நேரத்தில் கண்டக்டர் ஒருவர்தான் எல்லோரையும் காப்பாற்றக்கூடியவர். கதவு இருந்தால் மூட வேண்டும். இல்லையென்றால் வாசலை மறித்து நின்று, படியில் நிற்பவர்களை உள்ளே இழுத்து, "யாரும் எறங்காதீங்க, உள்ள இருந்தா ஒண்ணும் ஆகாது, எறங்குனாத்தான் அடிக்கும்" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். விசில் அடித்து நாற்பது பேரை அடக்கத் தெரிந்தவருக்கு இது முடியாத காரியம் இல்லை. ஆனால் அவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

தீப்பிடித்துவிட்டால்?

அப்போது மட்டும்தான் வெளியேற வேண்டும், அதுவும் குதித்து. படியில் கால் வைத்து இறங்கக் கூடாது. வாசல் விளிம்பில் நின்று, இரண்டு பாதங்களையும் ஒட்டி வைத்து, கைகளை மார்போடு கட்டிக்கொண்டு, வண்டியின் எந்தப் பாகமும் உடம்பில் படாதபடி எட்டக் குதிக்க வேண்டும். இரண்டு காலும் ஒரே சமயத்தில் தரையில் இறங்க வேண்டும். தடுமாறிக் கையை ஊன்றக் கூடாது. பை, செல்போன், லைசென்ஸ் என்று திரும்பி வண்டியைத் தொடக் கூடாது.

குதித்த பிறகு நடை எப்படி? கோயில் பிரகாரத்தில் பாட்டிமார் அடிப்பிரதட்சணம் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். அதைவிடவும் சின்ன அடி. பாதத்தைத் தரையிலிருந்து தூக்காமல் தேய்த்தபடி, ஒரு காலின் குதிகால் மறு காலின் விரலைத் தாண்டாமல், இரண்டு பாதமும் ஒட்டியபடியே நகர வேண்டும். குறைந்தது 10 மீட்டர், அதாவது ஒரு பெரிய பேருந்தின் நீளம். ஈரத் தரை என்றால் இன்னும் அதிகம். பார்ப்பதற்கு வேடிக்கையாக இருக்கும். பின்னால் லாரி எரியும்போது ஒருவர் இப்படித் தேய்த்துத் தேய்த்து நடந்தால் பார்ப்பவர்கள் "ஓடுறா!" என்றுதான் கத்துவார்கள். ஓடக் கூடாது.

இதை ஒருமுறை வீட்டுத் திண்ணையில் செய்து பாருங்கள். படித்து வைத்திருப்பது அந்த நேரத்தில் கைகொடுக்காது, செய்து பார்த்தது கொடுக்கும். நான் செய்து பார்த்தேன். பத்து மீட்டரைக் கடக்க எனக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனது, நடுவில் ஒருமுறை கால் தானாகத் தூக்கிக்கொண்டது.

வெளியே நிற்பவர்கள்

இரண்டாவதாக ஓடிவந்தவர் இறப்பதுதான் இந்த விபத்துகளில் வயிற்றைப் பிசையும் பகுதி. நம் ஊரில் யாராவது விழுந்தால் நின்று யோசிக்கிற பழக்கம் கிடையாது. அண்ணன் துடிக்கிறான் என்று தம்பி போய்ப் பிடிப்பான், தம்பியை இழுக்கப் பக்கத்துக் கடைக்காரர் போவார். நல்ல மனசு. அதுவே ஒன்றை மூன்றாக்குகிறது.

காய்ந்த கம்பால் தள்ளிவிடலாம் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அது வீட்டு ஒயரில் மாட்டியவருக்குச் சொன்னது, மெயின் சுவிட்ச் எட்டாத நிலையில் செய்ய வேண்டியது. 11,000 வோல்ட்டுக்கு முன்னால் எந்தக் கம்பும் காய்ந்த கம்பு இல்லை. மூங்கில், துண்டு, ரப்பர் செருப்பு எதையும் நம்பி அருகில் போகாதீர்கள். 10 மீட்டருக்கு அப்பால் நில்லுங்கள், மற்றவர்களையும் நிறுத்துங்கள், சாலையின் இரண்டு பக்கமும் ஆள் நிறுத்தி வண்டிகளைத் தடுங்கள். பிறகு உள்ளே இருப்பவரிடம் கத்துங்கள்: "அண்ணே, எறங்காதீங்க! வண்டிக்குள்ளயே இருங்க! கரண்டு ஆபீசுக்குச் சொல்லியாச்சு!" அந்தக் கடைசி வாக்கியம் முக்கியம். யாரோ ஏற்பாடு செய்கிறார்கள் என்று தெரிந்தால்தான் உள்ளே இருப்பவர் பொறுமையாக இருப்பார்.

மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987, இருபத்து நான்கு மணி நேரமும். அவசர உதவிக்கு 112, தீயணைப்புக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108. பேசும்போது "பைபாஸ்கிட்ட கம்பி விழுந்துருச்சு" என்றால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. பக்கத்துக் கம்பத்தில் பெயின்ட்டில் எழுதியிருக்கும் எண்ணையோ, அருகில் உள்ள டிரான்ஸ்பார்மரின் பெயரையோ தள்ளி நின்றபடியே படித்துச் சொல்லுங்கள். எந்த ஃபீடரை நிறுத்துவது என்று சப்-ஸ்டேஷனில் உள்ளவருக்கு அது போதும். ஊர் லைன்மேன் எண் இருந்தால் அவருக்கும் ஒரு போன்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பொறி நின்றுவிட்டது, சத்தம் இல்லை, தெருவிளக்கும் அணைந்துவிட்டது, கரண்டு போய்விட்டது என்று எல்லோரும் முடிவு கட்டுவார்கள். ஆனால் மரக்கிளை உரசினாலும் லைன் டிரிப் ஆகி அணையும். கிளை விலகியிருக்கும் என்று கருதி சிறிது நேரத்தில் சப்-ஸ்டேஷனில் மறுபடி கரண்டு கொடுத்துப் பார்ப்பார்கள், சில இடங்களில் கருவியே தானாகக் கொடுக்கும். நீங்கள் வண்டிப் பக்கம் போன நேரமும் அதுவும் ஒன்றாக அமையலாம். இதற்கு நேர் எதிராக, காய்ந்த தார்ச்சாலையில் விழுந்த கம்பியில் ஓடும் மின்சாரம் குறைவாக இருப்பதால் லைன் டிரிப் ஆகாமலே இருந்துவிடுவதும் உண்டு. அந்தக் கம்பி பாம்புபோல் அசையாது, பொறி விடாது, அறுந்த கொடிக்கயிறுபோலப் பேசாமல் கிடக்கும்.

கரண்டு போய்விட்டது என்பதை லைன்மேன்களே அப்படி நம்பிவிடுவதில்லை. சப்-ஸ்டேஷனிலிருந்து எல்.சி. (லைன் கிளியர்) வாங்கிய பிறகும், கம்பியில் எர்த் ராடு மாட்டிய பின்புதான் கை வைக்க வேண்டும் என்பது அவர்கள் தொழிலின் பாலபாடம். எங்கோ ஒரு ஜெனரேட்டரிலிருந்து மின்சாரம் எதிர்த்திசையில் வரலாம் அல்லவா? தொழில் தெரிந்தவர்களே இவ்வளவு பயப்படும்போது, தெருவிளக்கு அணைந்ததை வைத்து நாம் முடிவெடுப்பது எந்த ஊர் நியாயம்? வாரிய ஊழியர் வாயைத் திறந்து "இனி போகலாம்" என்று சொல்லும்வரை அந்தக் கம்பியில் மின்சாரம் இருக்கிறது.

அவர் சொன்ன பிறகு, விழுந்து கிடப்பவருக்கு மூச்சு இல்லையென்றால் ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்க வேண்டாம். மார்பின் நடுவில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து, 5 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்திக்கொண்டே இருங்கள். மின்சாரம் நிறுத்திய இதயம் இப்படித் திரும்பத் துடித்த சம்பவங்கள் உண்டு. எழுந்து உட்கார்ந்து "எனக்கு ஒண்ணும் இல்லை" என்பவரையும் மருத்துவமனைக்குக் கொண்டுபோய் ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். தோலில் சின்னக் காயம்தான் தெரியும், உள்ளே வெந்திருக்கலாம்.

5.8 மீட்டர் கணக்கு

விதிப்படி தெருவைக் குறுக்கே கடக்கும் சாதாரணக் கம்பி தரையிலிருந்து 5.8 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும், உயர் அழுத்தக் கம்பி 6.1 மீட்டரில். சரக்கு லாரியின் உயரம் சட்டப்படி 4 மீட்டருக்குள். நடுவில் ஓர் ஆள் உயரம் மிச்சம் இருக்கிறதே, எப்படி உரசுகிறது?

அந்த இடைவெளியை மேலிருந்தும் கீழிருந்தும் நாம்தான் தின்கிறோம். சித்திரை வெயிலில் அலுமினியக் கம்பி நீண்டு தொய்கிறது. சாய்ந்த கம்பத்தை நிமிர்த்த ஆள் வருவதில்லை. வைக்கோல், பஞ்சு மூட்டை என்றால் 4 மீட்டர் என்பது காகிதத்தில்தான். கீழே சாலை வளர்கிறது. பழைய தாரைச் சுரண்டிவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு உத்தரவிட்டபோது, வீட்டு வாசலுக்குள் மழைத் தண்ணீர் வருவதைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு. சாலை அரை அடி உயர்ந்தால் தலைக்கு மேல் கம்பியும் அரை அடி கிட்டே வருகிறது என்பது அதிகம் பேசப்படவில்லை.

நின்ற இடத்தில் வேலை செய்யும் வண்டிகள் இன்னும் மோசம். பக்கெட்டைத் தூக்கி மண்ணைக் கொட்டிவிட்டு இறக்க மறந்து கிளம்பும் டிப்பர். குழாயை உயர்த்தி நெல்லைக் கொட்டும் அறுவடை இயந்திரம். தூணை நிமிர்த்தும் போர்வெல் ரிக். ரிக்கில் டிரைவரைவிட ஆபத்து கீழே நின்று பைப்பைப் பிடிக்கும் பையன்களுக்கு, அவர்கள் கை இரும்பில், கால் சேற்றில். நீரோட்டம் பார்க்க வருபவர் கையில் தேங்காய் எழுந்து நிற்கும் இடம் பெரும்பாலும் லைனுக்கு நேர் கீழே என்பது என்ன மாயமோ தெரியவில்லை. அங்கே போர்வெல் போடத்தான் வேண்டும் என்றால், முதல் வேலை கரண்டு ஆபீசில் எழுதிக்கொடுத்து லைனை நிறுத்துவது. அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு விதிகளில் கிரேன் போன்றவை 50,000 வோல்ட் வரையுள்ள கம்பியிலிருந்து குறைந்தது 10 அடி தள்ளி இருக்க வேண்டும் என்று இருக்கிறது. நம் ரிக் வண்டிக்காரர்களும் அந்தப் பத்தடியை மனதில் வைத்துக்கொள்ளலாம். பக்கத்தில் ஒருவரை, கம்பியை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லி நிறுத்தலாம். ஒரு நாள் கூலி கூடும், அவ்வளவுதான்.

கனரக வாகன லைசென்ஸ் எடுக்க வருபவரிடம் வண்டியை ஓட்டிக் காட்டச் சொல்கிறோம், ரிவர்ஸ் எடுக்கச் சொல்கிறோம், சாலைக் குறியீட்டுப் படங்களைக் காட்டிக் கேள்வி கேட்கிறோம். மேலே கம்பி பட்டால் இறங்குவாயா, உட்கார்ந்திருப்பாயா என்று ஒரு கேள்வியும் கேட்கலாம். பள்ளி வேன் ஓட்டுநர்களுக்கும் அரசுப் போக்குவரத்துக் கழகக் கண்டக்டர்களுக்கும் ஆண்டுக்கு ஒரு முறை அரை மணி நேரம் போதும். தேர் இழுக்கும் ஊர்களில் காப்புக் கட்டும் நாளிலேயே இதைச் சொல்லிவிடலாம். இதற்கு எந்தப் பெரிய நிதியும் வேண்டியதில்லை.

உங்கள் வீட்டில் லாரி, வேன், டிராக்டர் ஓட்டுபவர் இருந்தால் இன்று இரவு சாப்பிடும்போது அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். தவறான பதில் வந்தால் குதிப்பதையும் நடப்பதையும் திண்ணையில் செய்து காட்டச் சொல்லுங்கள். 94987 94987 என்ற எண்ணை அவர் போனில் நீங்களே பதிந்து கொடுங்கள்.